மஞ்சள் கோடு எங்கை, பிள்ளை?

இது எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், நான் கெஞ்சப் போவதில்லை. வீதியின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் மீன்சந்தைக்கும் மாதா கோயிலுக்கும் நடுவால் போகிற வீதி என்றால் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

நான் ஜெசிதா. குருநகர். அப்பா கடலுக்குப் போகிறவர். எனக்கு வாய் பெரிது என்று நான் வேலை செய்கிற கந்தோரில் சொல்வார்கள். சொல்லட்டும். வீதிகளைத் திருத்தி அமைக்கும் ஒரு திட்டத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருக்கிறேன்.

அந்த வீதிக்கு இரண்டு வரைபடங்கள் இருந்தன. ஒன்று எங்கள் பொறியியலாளர் பிரகாஸ் சேருடையது. வீதியை அகலமாக்குவது, கோயில் வாசலில் சனம் வீதியைக் கடக்கிற மஞ்சள் கடவையை அழிப்பது, சனம் குறுக்கே போகாதபடி இரும்பு வேலி அடிப்பது. மற்றது என்னுடையது. வாகனம் ஓடும் பகுதியை ஒடுக்குவது, சைக்கிளுக்குத் தனிவழி, கடவையை உயர்த்தி நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு. வேலி அடித்தால் மீன் விற்கிற பெண்கள் சந்திவரை போய்ச் சுற்றி வரவேண்டும். அவர்கள் சுற்றமாட்டார்கள். வேலியால் ஏறிக் குதிப்பார்கள், சனம் ஏற்றி ஓடுகிற வான் வண்டி வந்து அடிக்கும். எனக்கு அவர்களைத் தெரியும். என் பெரியம்மாவும் அதே சந்தையில்தான் இருக்கிறா.

மஞ்சள் கடவை என்றேன். கோடுகள் வெள்ளைதான். முந்தி மஞ்சளாக இருந்தன, பிறகு வெள்ளையாக்கினார்கள். ஆனாலும் எங்கள் வாயில் அது இன்றைக்கும் மஞ்சள் கோடுதான். அதை வெள்ளைக் கோடு என்று ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

சனம் கடக்குது என்று வாயால் சொன்னால் காணாது, எண்ணிக் காட்டுங்கோ மிஸ் என்றார் பிரகாஸ் சேர். மூன்று பின்னேரங்கள் தந்தார். எண்ணிக்கை ஒத்துவராவிட்டால் வேலி. கடைக்காரர்களுக்கும் வேலிதான் விருப்பம். அது காவு வாங்குகிற இடம், அங்கே ஒன்று நிற்குது, கடவையை எடுத்தால்தான் சாவு நிற்கும் என்று சொல்லித் திரிந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்மண் தெரியாமல் ஓடுகிறவனை விட்டுவிட்டுப் பேயின் தலையில் பழியைப் போடுகிறார்களே!

எண்ணுகிற முறை இதுதான். சந்தைப் பக்கம் நான். கோயில் பக்கம் என்னோடு வேலை செய்யும் றொபின். இருவர் கையிலும் எண்ணுகிற சின்ன மெசின். ஒருவர் கடவையில் இறங்கினால் நான் ஒருதரம் அமத்துவேன். டக். அவர் அந்தப் பக்கம் ஏறினால் றொபின் அமத்துவான். டக். கடைசியில் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும்.

முதல் நாள் றொபினிடம் ஒன்று குறைந்தது.

நீர் போனைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர் என்று ஏசினேன். அவனுக்கும் கோபம். அடுத்த நாள் பக்கத்தை மாற்றினோம். அவன் சந்தைப் பக்கம், நான் கோயில் பக்கம். கண்ணைக்கூட மூடவில்லை.

என்னிடம் ஒன்று குறைந்தது.

றொபின் மெசினைக் காற்சட்டைப் பையில் போட்டான், திரும்ப எடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"ஆறு மணி அடிக்கேக்கை உமல் வைச்சிருந்த ஒரு மனிசி இறங்கினவ. நான் வடிவாப் பாத்தனான். அவ உம்மடை பக்கம் வரேல்லையோ?"

வரவில்லை. உமல் என்கிற ஓலைப்பையில் மீன் கொண்டு யாரும் என் பக்கம் ஏறவில்லை.

மூன்றாம் நாள். பிழைத்தால் வேலி. நான் மறுபடி சந்தைப் பக்கம் போனேன். எண்ணும் வேலையைப் பெரியம்மாவின் மகள் நிரோஜாவிடம் கொடுத்தேன். வருகிறது யாராக இருந்தாலும் கூடவே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்திருந்தேன்.

ஐந்து ஐம்பது. வெளிச்சம் மங்கத் தொடங்கியது. சந்தையில் தண்ணீர் அடித்துக் கழுவினார்கள்.

ஐந்து ஐம்பத்தைந்து. தலை எறிவார்களா என்று மீன் வெட்டுகிற இடத்தில் காத்துக் கிடந்த நாய்கள் எழும்பின. ஒன்றும் குரைக்கவில்லை. எழும்பிப் போய்விட்டன.

ஆறு. கோயில் மணி. டாண்...

பக்கத்தில் மீன் மணம்.

திரும்பினேன். ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும். கையில் பனையோலை உமல். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. நிலம் நனையவில்லை.

"மஞ்சள் கோடு எங்கை, பிள்ளை?"

சாதாரணக் குரல். எனக்குப் பயமே வரவில்லை. காலடியைக் காட்டினேன்.

"உந்தா, உதிலை கிடக்கு அம்மா."

குனிந்து பார்த்தா.

"உது வெள்ளையெல்லோ."

டாண்...

அப்போதுதான் எனக்கு முதுகு சில்லிட்டது. எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிற ஒருவர் அப்படிச் சொல்லமாட்டார்.

ஓடியிருக்கலாம். ஓடவில்லை. ஓடினால் இன்றைக்கும் ஒன்று குறையும். இடது கையை நீட்டினேன். பிடித்தா. ஐசில் கிடந்த மீனின் குளிர்.

இறங்கினோம். நிரோஜாவின் கையில் டக். டக். இரண்டு தரம்.

நடந்தோம்...

நடுவீதி. நின்றுவிட்டா.

"இஞ்சாலை கோடு இல்லை, பிள்ளை."

உண்மைதான். அந்தப் பாதியில் கோடு தேய்ந்து போயிருந்தது.

ஹோர்ன்.

வான்.

இழுத்தேன். அவ அசையவில்லை.

கையை விட்டால் நான் தப்பலாம்...

விடவில்லை.

மற்றக் கையை உயர்த்தினேன். நில்லடா என்று கத்தினேன். தொண்டை கிழிந்தது.

கிறீச்...

வான் என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

மணியும் நின்றது. என் கையில் யாரும் இல்லை. உள்ளங்கை ஈரமாக இருந்தது.

கோயில் பக்கம் ஏறியபோது றொபினின் முகத்தில் இரத்தமே இல்லை. அவன் ஒருதரம்தான் அமத்தியிருந்தான்.

"நீர் ஏன் தனியக் கையை நீட்டிக்கொண்டு வந்தனீர்?" என்று கேட்டான்.

கூட்டத்தில் பிரகாஸ் சேர் எண்ணிக்கையைப் பார்த்துச் சிரித்தார். மூன்று நாளும் ஒன்று உதைக்குது, உந்தக் கணக்கை நான் எடுக்கமாட்டன் என்றார். நான் எழும்பினேன்.

"கணக்குச் சரி சேர். இறங்கின ஆள் அந்தப் பக்கம் போய்ச் சேரேல்லை. இறங்கின சனத்தை அந்தப் பக்கம் சேர்க்கேலாத றோட்டுக்கு வேலி என்னத்துக்கு?"

எனக்கு விசர் என்று முடிவெடுத்திருப்பார். ஆனால் அடுத்த நாள் வேலிக்குக் கிடங்கு வெட்ட ஆட்கள் வந்தபோது, பெரியம்மாவும் சந்தைப் பெண்களும் மீன்பெட்டிகளோடு வந்து கடவையில் குந்திவிட்டார்கள். வெயிலில், மீன் நாறும்வரைக்கும் எழும்பவில்லை. பின்னேரம் என் வரைபடத்தில் கையெழுத்து விழுந்தது.

வேலை முடிந்து கோடு அடிக்கும்போது, எல்லாம் வெள்ளை. நடுத்திட்டுக்கு அங்கால் வருகிற முதல் கோட்டை மட்டும் நான் மஞ்சளாக அடித்தேன். என் கையால். சட்டப்படி பிழை, அழியுங்கோ என்றார் பிரகாஸ் சேர். அழித்தால் திரும்ப அடிப்பன் என்றேன். அது இன்னும் இருக்கிறது.

திறந்த பிறகு ஒருதரம் எண்ணவேண்டும், அது விதி. நான் சந்தைப் பக்கம், றொபின் கோயில் பக்கம். ஆறு மணி அடித்தது. உமலோடு யாரும் என் பக்கம் இறங்கவில்லை. எண்ணி முடிந்ததும் றொபின் கடந்து வந்து மெசினை என் கையில் வைத்தான்.

"இறங்கின சனத்திலும் பாக்க ஏறினது நாலு பேர் கூட."

நாலு? நான் ஒருத்தியைத்தானே கண்டேன்.

கோயிலில் மணி அடிக்கிற அன்புராஜா மூப்பரிடம் ஓடினேன். உமல் என்றதும் அவருக்கு விளங்கிவிட்டது. றெஜினா, மீன் விற்றவ என்றார். கந்தோர் கந்தோராக ஏறிச் சண்டை பிடித்து அந்த இடத்துக்கு மஞ்சள் கோடு எடுத்துத் தந்ததே அவதான். கோடு போட்ட கிழமையே அதில் வைத்து வான் அடித்துச் செத்துப்போனாவாம். மணி அடிக்கிற நேரம்.

"பிறகு இன்னும் மூண்டு பேர் செத்தவை, பிள்ளை. மணிக்கயித்தைப் பிடிச்சபடி மூண்டு பேரையும் நான் பாத்தனான். தனியத்தான் வந்தவை. ஆரையோ கூட்டிக்கொண்டு வாறமாதிரி இடக்கையை மட்டும் நீட்டிக்கொண்டு."

ஓம், பயந்தேன். அன்றிரவு விளக்கை அணைக்கவில்லை. அவர்கள் கையை விட்டதால் செத்தார்களா, விடாததால் செத்தார்களா? எனக்குத் தெரியாது. ஆனால் கொன்றது றெஜினா என்று யாராவது என் முன்னால் சொல்லிப் பார்க்கட்டும். அவ கோட்டைத்தான் கேட்டா. நிற்காமல் வந்தது வான்.

நான் இப்போதும் ஆறு மணிக்கு அந்தக் கடவையால்தான் கோயிலுக்குப் போகிறேன். வான்காரர் நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும். மெதுவாகத்தான் நடப்பேன், இடது கையை நீட்டிக்கொண்டு.