நயினாரின் செலவுச் சீட்டுகள்

புரட்டாசி பிறந்து நாலாம் நாள் சக்கரவர்த்தி நயினாருக்கு வருமான வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. கல்யாணம் இல்லாத மாசம். ஆவணி முழுக்க ஓடிய காலை நீட்டிப் படுக்கலாம் என்று இருந்தவர், தபால்காரர் கொடுத்த காகிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு, "சுகுமாரி, தண்ணி குடு" என்றார் மனைவியிடம்.

காஞ்சிபுரத்தில் அப்போது கல்யாணத்தை மொத்தமாக எடுத்து நடத்திக்கொடுப்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான். பந்தல், சமையல், மேளம், பூ, சத்திரம் எல்லாம் நயினார் பொறுப்பு. ராத்திரி விருந்தில் முன்னூறு பேருக்குப் பந்தி நடக்கும். ஜைன வழக்கப்படி பொழுது சாய்ந்தால் சாப்பிடாதவர் வெறும் வயிற்றோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார். இருபது வருஷமாக இதே பிழைப்பு.

மூன்று வருஷத்து வரவு செலவை ஆதாரத்தோடு காட்டச் சொல்லியிருந்தார்கள். வரவுக்குக் குறைவில்லை. பெரிய பட்டுக்கடைக்காரர்கள் செக்காகக் கொடுத்தது பாங்கிலேயே இருந்தது. செலவுக்குத்தான் ஒன்றும் இல்லை. பூ விற்பவள் ரசீதா கொடுப்பாள்? காலண்டர் தாளின் பின்பக்கம் கிறுக்கி வைத்ததுதான் அவருடைய கணக்கு.

கணக்கு எழுதும் ஆதிகேசவன் அந்தத் தாள்களைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"செலவ காட்டலேன்னா, வந்த பணத்துல பாதி லாபம்னு அவங்களே போட்டுக்குவாங்க நயினாரே. ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்க் கையெழுத்து வாங்கிக்கினு வாங்க. ஸ்டாம்ப் ஒட்டி வாங்கணும்."

அந்த மாசம் பூராவும் நயினார் சைக்கிள் மிதித்தார். பூக்கார மணியம்மாள் கைநாட்டு வைத்துவிட்டு, "இதுனால என் வூட்டுக்கு ஆபீசர் வருவாரா?" என்று நாலு தடவை கேட்டாள். வாழைமரம் கொடுத்தவரைத் தேடித் திருமுக்கூடல் போனார். அவர் செத்து எட்டு மாசம் ஆகியிருந்தது. மேளக்காரர் வாங்கியது நூற்றைம்பது; நூறுக்குத்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். முழுத் தொகை தெரிந்தால் தவுல்காரர் பங்கு கேட்பாராம். நயினாருக்கு வாதாடத் தெம்பில்லை. நூறு என்றே எழுதிக்கொண்டார்.

மூன்று வருஷச் செலவில் அச்சடித்த பில் இருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒரு கைக்கடிகாரம், நூற்று நாற்பது ரூபாய்.

அதைப் பார்த்ததும் ஆதிகேசவன், "இது யாருக்கு?" என்றார்.

நயினார் தயங்கித்தான் சொன்னார். பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் வீராசாமியின் மூத்த மகள் வடிவு கல்யாணம். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மாப்பிள்ளையின் மாமன் சமையல் கொட்டகைக்கு வந்து, கடிகாரம் இல்லாமல் பையன் மணையில் உட்கார மாட்டான் என்று நயினாரிடம் சொன்னார். வீராசாமியிடம் அன்றைக்கு அப்பளத்துக்குக்கூடக் காசு இல்லை என்பது நயினாருக்குத் தெரியும். கடைக்காரரை எழுப்பிக் கடிகாரம் வாங்கி மாமன் கையில் கொடுத்தார். தாலி ஏறியது. வீராசாமிக்கு விஷயமே தெரியாது. 'என் சம்பந்தி வாய் திறந்து ஒரு துரும்பு கேக்கலப்பா' என்று இரண்டு வருஷமாகத் தறிக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்காக வாங்கினதுன்னு வீராசாமி ஒரு கடுதாசி எழுதிக் குடுத்தா இதையும் செலவுல சேக்கலாம்" என்றார் ஆதிகேசவன்.

நயினார் ஒரு வாரம் போகவில்லை. மற்ற சீட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. கடைசியில் போனார்.

வீராசாமி தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். நயினார் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் கை, இழையோட்டும் நாடாவைத் தள்ளுவதை நிறுத்தியது.

"கேட்டாங்களா?"

"மாமன்காரர்தான் கேட்டாரு."

"மாப்ளைக்குத் தெரியுமா?"

"அதக் கையில கட்டிக்கினு வந்து உக்காந்தாரே, வீராசாமி."

வீராசாமி குழியிலிருந்து ஏறி வந்து, ஆதிகேசவன் எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தில் தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினார். "அப்பவே சொல்லியிருக்கணும். இல்ல, எப்பவும் சொல்லாம இருந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குழியில் இறங்கினார்.

நயினார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தார். ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

ஐப்பசியில் விசாரணை. ஆபீசர் வயசில் சின்னவர், மரியாதையாகப் பேசினார். பூவை ஒத்துக்கொண்டார். சமையல் கூலியை ஒத்துக்கொண்டார். செத்துப்போனவரின் வாழைமரத்துக்குக்கூட ஏதோ ஒரு கணக்குப் போட்டுச் சேர்த்தார். கடிகார பில்லையும் கடுதாசியையும் மட்டும் தனியே எடுத்து வைத்தார்.

"இது தொழிலுக்கான செலவு இல்லைங்க. நீங்களா பிரியப்பட்டுக் குடுத்தது. செலவுல கழிக்க முடியாது."

"கல்யாணம் நின்னிருந்தா எனக்குக் கூலியே வந்திருக்காதுங்களே?"

ஆபீசர் பில்லை இன்னொரு தடவை பார்த்தார். "நியாயம்தான். ஆனா சட்டத்துல எடம் இல்லீங்களே" என்று இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்.

வரி நானூற்றுச் சொச்சம் வந்தது. சுகுமாரி கைவளையலைக் கழற்றினாள். அதைவிட அந்தக் கடுதாசிதான் நயினாரை உறுத்தியது. ஒரு மனுஷனிடம் இருந்த சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், ஒன்றுக்கும் ஆகாமல் திரும்பக் கொண்டுவந்தோமே என்று அவருக்கு ஆறவேயில்லை. வீராசாமி வழியில் பார்த்தால் தலையை அசைப்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

மறு வருஷம் தை பிறந்ததும் வீராசாமியே வீடு தேடி வந்தார். இளையவளுக்கு நிச்சயமாகியிருந்தது. வேறு ஆளிடம் போவார் என்றுதான் நயினார் நினைத்திருந்தார்.

"நீங்கதான் நடத்தணும்" என்றார் வீராசாமி, நின்றுகொண்டே. "ஆனா எல்லாத்தையும் ரெண்டு நோட்டுல எழுதணும். ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும். அவங்க துரும்பு கேட்டாலும் எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. நானே மூஞ்சியப் பாத்துப் பேசிக்கறேன்."

"சரிப்பா" என்றார் நயினார். "உக்காரு மொதல்ல. எத்தினி பேரு வருவாங்க?"

"எரநூறு."

நயினார் புது நோட்டை எடுத்துத் தேதி போட்டார். முட்டி வலித்தது. அந்தத் தையில் இன்னும் ஒன்பது முகூர்த்தம் பாக்கி இருந்தது.