கேப்டனின் இடது கண்

அந்த அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவள் இடுக்கியக்கா. கொண்டையில் எப்போதும் ஒரு இடுக்கி செருகியிருக்கும். மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் மணிகளை அதனால் எடுத்து, முள்பலகையில் ஒவ்வொன்றாகக் கோத்து, காகிதம் போட்டு இஸ்திரிப் பெட்டியால் உருக்கி ஒட்ட வைப்பாள். காபிக் கோப்பைக்கு அடியில் வைக்கிற கோஸ்டர் ரெடி. பூனை, நட்சத்திரம், சிரிக்கிற நிலா. அக்கம்பக்கத்துக் குழந்தைகள் கேட்டதெல்லாம் செய்து கொடுத்தாள்.

முதல் பெரிய ஆர்டர் தெருமுனைக் காபிக்கடையிலிருந்து வந்தது. டிவியில் ஓடும் விண்வெளிக் கார்ட்டூனின் கடைசிப் பகுதியை சனிக்கிழமை மாலை கடையில் திரையிடுகிறார்கள். அதன் நாயகனான ஒற்றைக்கண் கேப்டனின் முகம் போட்ட கோஸ்டர் இருபத்து நான்கு வேண்டும். "நல்லா வந்துச்சுன்னா கல்லா பக்கத்துல ஒரு அலமாரித் தட்டு உங்களுக்குத்தாம்மா" என்றார் கடைக்காரர்.

வராவிட்டால்? பதினோரு வருடம் அட்டை மடித்த பெட்டிக் கம்பெனிக்கே திங்கட்கிழமை திரும்புவதாகக் கணவருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்தப் பசை வாடைக்குத் திரும்பிப் போக அவளுக்கு மனமே இல்லை.

சனிக்கிழமை காலை இருபத்து நான்கும் மேசையில் வரிசையாகக் கிடந்தன. அடியில் கார்க் தாளும் ஒட்டியாகிவிட்டது. பல் தேய்த்தபடி வந்த நாத்தனார் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

"ஏம்மா இடுக்கி, கேப்டனுக்கு இடது கண்ணுலதானே பட்டை? நீ வலது கண்ணைக் கட்டி வச்சிருக்கியே!"

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி? குழந்தைங்க பாக்குற கண்றாவின்னு சொல்வீங்களே?"

"டிவி ஓடுது, கண்ணுல படுது. அதுக்கென்ன இப்போ?"

இடுக்கியக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் உருக்கிய கோஸ்டரில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று வித்தியாசமே தெரியாது. பூனைக்கும் நிலாவுக்கும் எந்தப் பக்கம் கார்க் ஒட்டினாலும் ஒன்றுதான். அதே பழக்கத்தில் இருபத்து நான்கிலும் கேப்டனின் முகத்தின் மேலேயே கார்க்கை ஒட்டியிருக்கிறாள்! மேலே தெரிவது அவனுடைய கண்ணாடி பிம்பம்.

"விடு, யாரு கவனிக்கப் போறா?"

"நீங்களே கவனிச்சுட்டீங்க. அங்க வர்றவங்க அவனைப் பாக்கத்தானே வர்றாங்க?"

புதிதாகச் செய்ய நேரமில்லை. கார்க்கை உரித்து மறுபக்கம் ஒட்ட வேண்டும். நகத்தால் கீறினாள், அசையவில்லை. பசை இளகட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்தாள். கார்க் வந்தது, ஆனால் கேப்டனின் தாடை காது வரைக்கும் கோணிக்கொண்டது. ஒன்று போச்சு. கண்ணில் முட்டிய நீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அடுத்த அறைக்குப் போன நாத்தனார் திரும்பி வந்தார். கையில், வேறு யாரையும் தொட விடாத அவருடைய தலைமுடி உலர்த்தும் மெஷின்.

"அந்தச் சூடு இதுக்கு ஆகாது. இதை வச்சுப் பாரு. என்னை அப்படிப் பாக்காதே, தள்ளி உக்காரு!"

இளஞ்சூட்டுக் காற்றில் பசை இளகியது. ஒருவர் காற்றடிக்க, ஒருவர் உரித்தார். ஒட்டிய பிசினை எண்ணெய் தொட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, புதிய கார்க்கை மறுபக்கம் ஒட்டினார்கள். மத்தியானச் சாப்பாடு மூடியபடியே ஆறியது. கொதித்த மெஷினுக்கு ஓய்வு கொடுத்த போதெல்லாம் நாத்தனார் கேப்டனின் கதையைச் சொன்னார். தங்கையைக் காப்பாற்றப் போய்த்தான் அந்தக் கண் போனதாம். சொல்லிவிட்டு, கேப்டனின் பட்டையை விரலால் ஒருமுறை துடைத்துவிட்டார்.

ஐந்து மணிக்குக் கடை மேசையில் பெட்டியைத் திறந்தாள் இடுக்கியக்கா.

"இருபத்து மூணுதான் இருக்குங்க. ஒண்ணு என் தப்புல வீணாப் போச்சு. நாளைக்குக் கொண்டுவந்து கொடுத்துடறேன்."

கடைக்காரர் ஒன்றை எடுத்து, தன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, கேப்டனை மற்றக் கண்ணால் நேருக்கு நேர் பார்த்தார். பிறகு கல்லா அருகே அலமாரித் தட்டில் இருந்த பிஸ்கட் டப்பாக்களைத் தூக்கிக் கீழே வைத்தார். தட்டு காலியானது.

வீட்டில் நாத்தனார் கோணல் வாய்க் கேப்டன் மேல் காபியை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, திங்கட்கிழமை நீங்க சும்மாதானே இருக்கீங்க? கறுப்பு மணி இன்னும் ஒரு கேப்டனுக்குத்தான் வரும். வாங்கப் போவோம்."

கொண்டையில் இடுக்கியைச் செருகிக்கொண்டே சொன்னாள்.