பிடிக்கிற கை

திண்டிவனத்துக்குப் பக்கத்தில், மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கிய நிலத்தில் கோடு கிழித்துப் பொங்கல் கபடி நடத்துவார்கள். 1983இல்தான் காலனி அணி ஒன்று முதன்முறையாக அங்கே இறங்கியது. அதில் பாடிப் போகிறவன் அந்தோணிசாமி. கரும்பு லாரிகளில் லோடு ஏற்றிப் பிழைப்பவன். தொட்டுவிட்டுத் திரும்புவதில் கெட்டிக்காரன் என்று பெயர். அன்று அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு வேலையே இல்லை. ஊர் அணியில் ஒருவரும் அவனைப் பிடிக்கவில்லை.

ஊர் அணித் தலைவன் பச்சைமுத்துவின் அப்பா சுப்பராயலு, ஆட்டம் தொடங்குமுன் எல்லார் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்: "அவன் தொட்டா அது வெளையாட்டு. நாம புடிச்சா ஒறவாயிடும். தெரிஞ்சிக்கினு ஆடுங்கடா."

அந்தோணிசாமி போனான், தொட்டான், வந்தான். ஒவ்வொரு புள்ளியும் பிச்சை போலக் கையில் விழுந்தது. காலனிப் பிள்ளைகளும் ஊராரைப் பிடிக்கப் பயந்து கோட்டை விட்டதில் புள்ளிகள் சமமாயின. கடைசிப் பாட்டு அவனுடையது.

மூச்சைக் கட்டிப் பாடிக்கொண்டே போய்ப் பச்சைமுத்துவின் தோளைத் தொட்டான். இனி நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட்டால் கோப்பை. அவன் ஓடவில்லை. எதிராளிகளின் கைக்கெட்டும் தூரத்திலேயே மெல்ல நடந்தான்.

"ஓடியாடா! பேஜாரு பண்ணாத!" என்று கத்தினான் அவன் அணியின் விருத்தாசலம்.

நடந்தான். மூச்சு தேய்ந்தது. நெஞ்சு எரிந்தது. இன்னும் இரண்டு எட்டில் கோடு. எவனும் அசையவில்லை. இப்படியே ஜெயித்துவிடுவோமோ என்று அவனுக்குப் பயம் வந்தது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை தொடையைக் கவ்வியது. பச்சைமுத்து. அடுத்த கணம் ஏழு பேரும் மேலே விழுந்தார்கள். அந்தோணிசாமி இப்போதுதான் முழு பலத்தோடு திமிறினான். வாயில் மண் போயிற்று. கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் மூச்சு அறுந்தது.

"புடிபட்டு சிரிக்கிற மொத ஆளு நீதான்டா," என்ற விருத்தாசலம் அவனோடு நெடுநாள் பேசவில்லை.

"ஏன்டா புடிச்ச?" என்று களத்திலேயே மகனை அதட்டினார் சுப்பராயலு.

"புடிக்காட்டி தோத்திருப்போம்பா."

அவ்வளவுதான் காரணம். அதை மனமாற்றம் என்று சொல்ல முடியாது. டீக்கடையில் காலனிக்குத் தனிக் கிளாஸ் மேலும் சில ஆண்டுகள் இருந்தது. ஆனால் அடுத்த பொங்கலிலிருந்து எந்த அணியும் காலனிக்காரன் வந்தால் விலகி நிற்கவில்லை. விலகினால் தோல்வி என்று தெரிந்துவிட்டது.

நான்கு வருடம் கழித்துப் பச்சைமுத்து காலனி முனைக்கு வந்து நின்றான்.

"விழுப்புரத்துல பெரிய மேட்ச்சு. எங்க டீமுக்கு ஒன்ன மாதிரி ஆளு வோணும். வர்றியா?"

"வர்றேங்க. சாப்பாடு எங்க?"

பச்சைமுத்து ஊர்ப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"எல்லாரோடயுந்தான்," என்றான். "ஜல்தியா கெளம்பு. எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."