மூன்று நாள், எல்லா வேளையும் சேர்த்து

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜா ஏலகிரியா என்று ஒரு போராட்டமே நடந்தது. தீபாவளி போனஸ் வந்திருந்தது. பழைய ஃப்ரிட்ஜ் குளிரைவிடச் சத்தத்தைத்தான் அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. நியாயமாகப் பார்த்தால் அதைத்தான் மாற்றியிருக்க வேண்டும். ஆனால் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் போனில் ஒரு விளம்பரத்தை அனுப்பிவிட்டாள். ஏலகிரி மலையில் ஒரு விடுதி. அறை, மூன்று வேளைச் சாப்பாடு, சாயங்காலம் பஜ்ஜி, டீ, ஏரியில் படகு, எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று நாளைக்கு ஒரே தொகை. படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மலையும் படகும் அப்புறம். மூன்று நாளைக்கு "இன்னா சமையல்?" என்று என்னை யாரும் கேட்க மாட்டார்கள்!

என் கணவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. அவர் ஷிஃப்ட் மாறினால் என் அடுப்பும் மாறும். காலை ஷிஃப்ட் என்றால் நாலரைக்கெல்லாம் குக்கர் விசில் அடித்தாக வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால், ஊரே இட்லி சாப்பிடும் நேரத்தில் அவருக்குச் சோறும் குழம்பும் வேண்டும். நடுவில் நானும் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய் வருகிறேன்.

"சோத்துக்கா இவ்ளோ டப்பு? ஏம்மே, அவ்ளோ நம்மளால துன்ன முடியுமா?" என்றார் அவர்.

பேக்கிங்கில் என் பக்கத்தில் நிற்கிறவளும் அதே பாட்டைப் பாடினாள். "ரூம் மட்டும் போட்டுகினு வெளிய சாப்ட்டா பாதி காசுல முடிச்சிடலாம்க்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வெளியே சாப்பிடுவதென்றால் எந்தக் கடை, என்ன விலை, அவருக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மறுபடியும் நான்தானே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன். "நான் போறேன். வந்தா வாங்க." அவர் முனகிக்கொண்டே லீவ் எழுதிக் கொடுத்தார்.

அந்த உற்சாகத்தில்தான் கோட்டை விட்டேன். தேதியைப் பார்த்தேன், ஷிஃப்டைப் பார்க்கவில்லை. ஐந்து இரவு தொடர்ந்து வேலை செய்துவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ஆலையிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு வந்தார் மனுஷன். மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டார். சென்ட்ரலில் எழுப்பினேன். ஜோலார்பேட்டையில் எழுப்பினேன். மலைப் பேருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் திரும்பத் திரும்ப நான் "ஏங்க, பாருங்க! பாருங்க!" என்று கத்துகிறேன், அவர் தலை என் தோளுக்கும் ஜன்னலுக்குமாக ஆடிக்கொண்டிருந்தது. அறைக்குப் போனதும் கட்டிலில் விழுந்தவர்தான். ராத்திரி ஆனதும் பழக்கதோஷம், கொட்டக்கொட்ட விழித்து டிவி பார்த்தார். விடிந்ததும் மறுபடியும் குறட்டை.

"ஏங்க, எய்ந்திரிங்க. டிபன் பத்து மணி வரைக்கும்தானாம். எட்டு வகை வெச்சிக்கிறாங்க."

"நீ போமே. எனக்கும் சேத்து சாப்டு."

காசு கொடுத்துத் தூங்குவதற்கு வீட்டுப் பாய் போதாதா? ஃப்ரிட்ஜ் என் கண் முன்னால் வந்து நின்றது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம். எட்டு வகையையும் நானே ஒரு கை பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தனியாக ஒரு சாப்பாட்டு இடத்துக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

பூரி, பொங்கல், வடை என்று வரிசையாக இருந்தது. கடைசியில் தோசைக்கல்லோடு ஒருவர் நின்றிருந்தார்.

"என்ன தோசைம்மா போடட்டும்?"

"வெங்காயம் ஒண்ணு, நல்லா மொறுமொறுன்னு. நெய் ரோஸ்ட் ஒண்ணு." பட்டென்று சொன்னேன்.

"ரெண்டும் உங்களுக்காம்மா?"

வெங்காயம் அவருக்கு. நெய் மகளுக்கு. இரண்டு பேரும் அங்கே இல்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"உங்களுக்கு எது பிடிக்கும்னு சொல்லுங்க, போட்டுத் தர்றேன்" என்றார் அவர், மாவுக் கரண்டியைப் பிடித்தபடி.

எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. வீட்டில் கல்லில் ஒட்டிக் கிழிந்த முதல் தோசையும், பாத்திரத்தை வழித்து ஊற்றிய கடைசித் தோசையும்தான் என் பங்கு. அதைப் பிடிக்குமா என்று யார் யோசித்தார்கள்? நானே யோசித்ததில்லை. கண் கலங்கிவிட்டது. ஆனால் பசி அதைவிடப் பெரிதாக இருந்தது.

"எல்லாத்துலயும் ஒண்ணொண்ணு போடுங்கண்ணா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாகச் சுடச்சுட வந்தது. மசாலா, தக்காளி, நெய், வெங்காயம் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஐந்தாவதாக வந்தது பொடி தோசை. முறுக விடாமல், நல்லெண்ணெய் ஊறி, மெத்தென்று இருந்தது. ஒரு வாய் வைத்தேன். அடடா! இன்னொன்று கேட்டேன். அதையும் முடித்துவிட்டு, நிறைந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறைக்கு ஓடினேன்.

"ஏங்க! எய்ந்திரிங்க! எனக்கு மொறுமொறு தோசையே புடிக்காதுங்க. பொடி போட்டு, மெத்துனு இருந்தாத்தான் புடிக்குது!"

அவர் அலறியடித்து எழுந்து உட்கார்ந்தார். என்னவோ ஏதோ என்று பயந்திருக்க வேண்டும். கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இத்தினி வருசமா சொல்லவே இல்லியேமே?"

"எனக்கே இப்பதாங்க தெரியும்."