துரைசானியின் சிவப்புப் பூ

மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ரயில்வே துரையின் பங்களாவில் நான் ஆயாவாக இருந்தேன். என் கணவருக்கு ரயில் பட்டறையில் வேலை. நாலு வயது மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அவளையும் கூட்டிக்கொண்டு போவேன்.

துரைசானி ஆஸ்திரேலியாக்காரர். கப்பலில் வந்தபோதே ஒரு செடியைத் தொட்டியோடு கொண்டுவந்திருந்தார். அவர் நாட்டிலேயே ஏதோ ஒரு மலைப்பக்கம்தான் அது கிடைக்குமாம். நம் ஊர் மழை அதற்கு ஆகாதென்று கார் நிற்கும் முகப்பில் வைத்திருந்தார். இலைகள் ஊசி மாதிரிக் குத்தும். வெகுநாள் சும்மா நின்ற செடி, அந்த வருஷம் கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூத்தது. சுருண்ட நூல்களைச் சேர்த்துக் கட்டியது போலிருக்கும்.

ஒரு நாள் காலை துணி உலர்த்திவிட்டு வந்து பார்க்கிறேன், மகள் தொட்டியருகே உட்கார்ந்து பூக்களைப் பிய்த்துச் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

"இனிக்குதும்மா."

பூவைப் பிடுங்கி எறிந்தேன். ஊரில் அரளி தின்று செத்துப்போன அத்தை மகளின் முகம் கண்முன் வந்தது. தோட்டக்காரரைக் கூப்பிட்டேன். வெள்ளைக்காரன் நாட்டுச் செடி, விஷமா இல்லையா என்று யாருக்குத் தெரியும் என்று அவரும் கையைப் பிசைந்தார். உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். துப்பிவிட்டாள்.

சத்தம் கேட்டுத் துரைசானி வந்தார். பூவுக்காகத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் செடிப்பக்கம் திரும்பவேயில்லை. எங்களுக்குள் பேச்சு அரைகுறை மலாயில்தான். விஷமா என்று கேட்டேன். இதே ஜாதியில் வேறு பூக்களைச் சின்ன வயதில் தானும் சப்பியதுண்டு என்றார். அப்போ இது?

"தா தாவு," என்றார். தெரியாது.

வளர்த்தவருக்கே தெரியவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரும் அப்படியொரு செடியைக் கேள்விப்பட்டதில்லை. குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். தூங்கவிடாதே என்றார். அவள் கண் சொருகும்போதெல்லாம் உலுக்கினேன்.

"தூங்காதடி, அம்மாவைப் பாரு."

அவள் அழுதால் நிம்மதி. அமைதியானால் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். துரைசானி பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டேயிருந்தார்.

சாயங்காலம் பசிக்கிறது என்றாள். இனிப் பயமில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

செடியைச் சுற்றிக் கம்பிவலை அடிக்கச் சொன்னார் துரைசானி. இருந்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் கெஞ்சி, மகளை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். துரைசானி அவளைப் பற்றி விசாரிக்காத நாளில்லை.