குட்டானில் ஊற்றிய களிம்பு

1. போத்தல் முடிந்த அன்று

களிம்பு அடைக்கிற கடைசிப் போத்தலும் முடிந்த அன்று என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. உரும்பிராயில் என் கொட்டிலில், அண்டா நிறையப் பித்தவெடிப்புக் களிம்பு ஆறிக்கொண்டு கிடக்கிறது. தேங்காயெண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள், வன்னியிலிருந்து சைக்கிளில் வந்த தேன்மெழுகு. இது வீணானால் கொட்டிலைப் பூட்ட வேண்டியதுதான். போர்க்காலப் பொருளாதாரத் தடையால் கொழும்புப் போத்தல் வராது. விற்ற போத்தலைத் திருப்பிக் கேட்டால், சனம் அதில் திரி போட்டு விளக்காக்கிவிட்டது. அந்த மண்ணெண்ணெய் மணம் கழுவிப் போகாது.

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான், மூளை நிற்கவில்லை. பனங்கட்டிப் பாகு ஊற்றி இறுக வைக்கிற சின்ன ஓலைக் குட்டான் கண்ணில் பட்டது. மெழுகைக் கூட்டி, இறுக்கமாகக் காய்ச்சி, அதில் ஊற்றினேன். ஓலையை உரித்துக் காலில் தேய்க்கலாம். போத்தலின் அடியில் ஒட்டி வீணாகிற களிம்பும் மிச்சம். யாழ்ப்பாணத்தில் இதை முதலில் செய்தவன் நான்தான். வேறு யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

2. வெறுந்தேத்தண்ணி

திருநெல்வேலிச் சந்தைக் கடை முதலாளி ஒரு ஓலைக் கடகம் நிறைய எடுத்தார். ஒரு கிழமைக்குள்ளேயே ஆள் விட்டுக் கூப்பிட்டார். சைக்கிளை மிதித்து ஓடினேன். சீனி இல்லாத காலம். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் எல்லோரும் தேத்தண்ணி குடித்தோம். மருமகள் வாங்கி வைத்த என் குட்டானை ஒரு கிழவர் விடியப் பனங்கட்டியென்று எடுத்துக் கடித்துவிட்டாராம். அவரே கடை வாசலில் நின்றார்.

"நீதானோ காய்ச்சினது? என்ரை வாய் இன்னும் கைக்குது."

"வாயிலை வெடிப்பிருந்தால் மாறியிருக்கும், அப்பு."

அவர் சிரிக்கவில்லை. முதலாளி கடகத்தை என் பக்கம் தள்ளினார். நான் ஒரு குட்டானை உரித்து, அவர்கள் முன்னாலேயே கடித்து விழுங்கினேன்.

"நஞ்சில்லை, பாத்தியளோ?"

"ஓம் தம்பி, நஞ்சில்லை," என்றார் முதலாளி. "பனங்கட்டியும் இல்லையே. அதை ஆர் சனத்துக்குச் சொல்லுறது?"

நான் கடகத்தைத் தூக்கிச் சைக்கிளில் கட்டினேன்.

3. சிரட்டை

வீட்டுக்குப் போகவில்லை. தேத்தண்ணிக் கடைகளின் பின்பக்கம் குவிந்து கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். எல்லாக் குட்டானையும் உரித்து, உருக்கி, சிரட்டையில் ஊற்றினேன். ஒரு துளி சிந்தவில்லை. எங்கள் பக்கத்தில் பனங்கட்டியைச் சிரட்டையில் ஊற்றுவதில்லை, அதனால் யாரும் கடிக்க மாட்டார்கள். குதிக்கால் அதற்குள் அளவெடுத்தது போல இருக்கும். வைத்துத் திருப்பினால் போதும். முடிந்ததும் அதே சிரட்டையைக் கொண்டுவந்தால் திரும்ப ஊற்றித் தருவேன்.

மறுநாள் கடையில் முதலாளி செருப்பைக் கழற்றித் தன் குதியை வைத்துப் பார்த்தார். சிரட்டையைத் திருப்பித் தரவில்லை.

இப்போது தொழில் தொடங்குகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: சரக்கை அடைக்கிற பொதியை எவ்வளவு வேண்டுமானாலும் குறையுங்கள். ஆனால் உள்ளே இருப்பது என்னவென்று சனத்துக்குச் சொல்கிறதும் பொதிதான். அதைக் குறைக்காதீர்கள்.

அடுத்த மாதம் அந்தக் கிழவரே வெறும் சிரட்டையோடு கொட்டிலுக்கு வந்தார்.

"ஊத்து. இந்த முறை காலுக்குத்தான்."