குழவிக்கல்லோடு தாங்கி தேடிய நாள்

அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் குளியலறைக்குப் போய், இரவு வானத்தைப் படம் பிடித்து, கழுவிக் காயவைத்திருந்த கண்ணாடித் தகட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மிருகசீரிஷக் கூட்டம் பதிந்திருந்தது. ஆனால் நட்சத்திரங்கள் புள்ளிகளாக இல்லை. ஒவ்வொன்றும் சீரகம் போல நீண்டிருந்தது. அரை மணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொலைநோக்கியைக் கையால் திருகித் திருப்பியதற்குக் கிடைத்த பலன் அவ்வளவுதான்.

வானம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. படம் எடுப்பவர் அதே வேகத்தில் குழாயைத் திருப்பிக்கொண்டே போகவேண்டும். குழாயைச் சுமந்து நின்று அதைக் கடிகார இயந்திரத்தால் செய்கிற நல்ல தாங்கி இல்லாமல் எத்தனை நல்ல கண்ணாடி இருந்தும் பயனில்லை. நான் பெண்கள் கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவள். சாந்தோமில் அண்ணன் வீட்டு மொட்டைமாடியில் நான்கு வருஷமாக முயன்று ஒரு உருப்படியான படம் எடுத்ததில்லை. இந்தக் கோடைக்குள் ஒன்றாவது எடுக்காவிட்டால் தொலைநோக்கியைக் கல்லூரிக்கே கொடுத்துவிடுகிறேன் என்று அண்ணனிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். வெள்ளைக்காரர்கள் சாமான்களை விற்றுவிட்டுக் கப்பலேறும் சமயமாதலால் நகரத்தில் இரண்டு தாங்கிகள் விலைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். மாசி மாதத்துச் சனிக்கிழமை, கல்லூரி விடுமுறை. கிளம்பிவிட்டோம்.

'கிளம்பிவிட்டோம்' என்றது என்னையும் ஆக்னஸ் அண்ணியையும். கூடவே அம்மிக்குழவியும் வந்தது. தாங்கி வாங்குகிறவர்கள் அதன்மேல் சுமையை ஏற்றிப் பார்க்காமல் வாங்கக்கூடாது. என் தொலைநோக்கியைப் பேருந்தில் தூக்கிச்செல்ல மனம் வரவில்லை. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்ததில் எங்கள் குழவியும் குழாயும் ஏறக்குறைய ஒரே எடை. பழைய சேலைத்துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டோம். அன்று வீட்டில் சட்னி இல்லை.

ஏழரை மணிக்கு லஸ் வரை கைரிக்ஷா. பையைத் தூக்கி வைத்த ரிக்ஷாக்காரர் திடுக்கிட்டுப் போனார்.

"இன்னாமா இது, குழவிக்கல்லை எங்க இட்டுக்கினு போறீங்க?"

"இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போறோம் நைனா," என்றாள் அண்ணி. "இந்தக் கல்லைத் தூக்கிக்கிட்டு அசையாம நிக்கறவனுக்குத்தான் பொண்ணு."

"அப்போ இஸ்துக்கினு ஓடறவன் கணக்குல வரமாட்டானா?"

"நீ ரோட்டைப் பார்த்து இழு!"

எனக்கு நாற்பத்து மூன்று வயது. இந்தமாதிரிப் பேச்சில் வலி போய் வெகுநாளாகிறது. லஸ் முனை வரை மூவரும் சிரித்துக்கொண்டே போனோம்.

லஸ்ஸிலிருந்து தியாகராய நகருக்குப் பேருந்து உண்டு. மூன்று மைல் இருக்கும். முதல் தாங்கி அங்கே ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரிடம் இருந்தது. மவுண்ட் ரோடு ஏலத்தில் ஆசைப்பட்டு எடுத்தாராம். முழுக்கப் பித்தளை, முகம் பார்க்கலாம் போல மெருகு. மூன்று கால், மடித்து எடுத்துப் போகலாம். பார்த்தவுடனே வேண்டும் என்று தோன்றியது. ஒன்றுதான் விநோதம்: பின்கால்கள் இரண்டுக்கும் அடியில் தடித்த சட்டப் புத்தகங்களை அடுக்கியிருந்தார்.

"எங்காத்துல யாருக்கும் இதுல பிரியம் கிடையாது. நான்தான் தொடச்சுண்டே இருக்கேன்," என்றார். "நீங்க கடுதாசில சொன்ன கோணத்துக்குச் சாய்க்கணுமேன்னு புஸ்தகத்தை வெச்சேன்."

காரணம் இதுதான். தாங்கியின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கவேண்டும். சீமையில் அது பாதி வானத்துக்கு மேலே நிற்கும். சென்னையில் அடிவானத்திலிருந்து பதின்மூன்று பாகைதான். நம் ஊரில் அச்சு ஏறக்குறையப் படுத்திருக்கவேண்டும். இந்தத் தாங்கியோ முப்பதுக்குக் கீழே இறங்காது. குழவியைக் கட்டிக் கடிகாரத்தை முடுக்கினேன். இனிமையான சத்தத்தோடு கல் நகரத் தொடங்கியது. பிறகு தாங்கி முழுவதுமே நகரத் தொடங்கியது. அண்ணி பாய்ந்து குழவியைக் கட்டிக்கொண்டாள். சட்டப் புத்தகங்கள் சரிந்தன.

"சீமையில நன்னா நின்னுண்டிருந்திருக்கும், பாவம்," என்றார் வக்கீல், தாங்கியைத் தடவிக்கொண்டே.

திரும்ப லஸ் வந்து அடையாறு பேருந்து. ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இறங்கி, மரநிழலில் எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தைப் பிரித்தோம். இந்த வழியில் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோவது நல்லது. பாலத்துக்கு அப்பால் கடை கிடையாது. அங்கிருந்து முக்கால் மைல் மணல் பாதை.

இரண்டாவது தாங்கி ஒரு வெள்ளைக்கார அம்மாளுடையது. கணவர் ரயில்வேயில் இருந்தவர். படம் எடுப்பது இந்த அம்மாள்தான். ஆயாவிடம் தமிழ் கற்றவர் என்பது வாயைத் திறந்ததும் தெரிந்தது.

"வா, வா, குந்து. கல்லு எடுத்துக்கினு வந்தியா? நல்ல வேலை. நான் அரிசி மூட்டை கட்டிப் பாத்தேன்."

பங்களாத் தோட்டத்து அவுட்ஹவுஸின் பின்னால், தகரக் கூரையைத் தள்ளினால், தரையில் ஊன்றிய தூணின்மேல் தாங்கி. அழகில்லை, கறுப்பு இரும்பு. அச்சு, சென்னைக்கென்றே வார்த்த அடிப்பாகத்தின்மேல் படுத்திருந்தது. குழவியைக் கட்டினோம். கல்லின் பக்கத்திலேயே சிறு தொலைநோக்கி ஒன்றைக் கட்டிச் சூரியன் பக்கம் திருப்பி, பின்னால் அட்டையைப் பொருத்திக் கடிகாரத்தை முடுக்கினார் அம்மாள். அட்டையில் சூரியன் வெள்ளை வட்டமாக விழுந்தது. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடச் சொல்லிவிட்டுத் தேநீர் கொண்டுவரப் போனார்.

தேநீர் குடித்து முடித்துப் பார்த்தோம். சூரியன் என் கோட்டுக்குள்ளேயே இருந்தது. தூணை உள்ளங்கையால் தட்டினேன். வட்டம் நடுங்கக்கூட இல்லை.

"இதை எப்படி நம்ம மாடில ஏத்தறது லூர்து?" என்று என்னைக் கேட்டாள் அண்ணி.

"தாங்கியைக் கயட்டலாம்," என்றார் அம்மாள். "தூணு வராது. கெணறு மாதிரி தோண்டி வெச்சுது. இதைச் சரியா திருப்பி வெக்க ரெண்டு வருசம் ஆச்சு. எடுத்தா மறுபடியும் ரெண்டு வருசம்."

மேல்பாகத்தை மட்டும் கொண்டுபோகலாம்தான். ஆனால் எங்கள் மாடியை எனக்குத் தெரியும். கீழே உரலில் மிளகாய் இடித்தால் மேலே நட்சத்திரம் கூத்தாடும். வடக்கே பக்கத்து வீட்டுத் தென்னைகள் துருவ நட்சத்திரத்தை மறைத்திருக்கின்றன. வேறிடம் தேடவும் என்னிடம் இந்தக் கோடை ஒன்றுதான் இருக்கிறது.

தம்மிடமிருந்து பங்களாவை வாங்கியிருக்கும் குடும்பம் அவுட்ஹவுஸுக்குக் குடித்தனம் தேடுவதாக அம்மாள் சொன்னார். ஓர் அறை, சமையல் கட்டு, கிணறு. திரும்பும் பேருந்தில் அண்ணிதான், "நல்ல காத்தோட்டமான இடம், இல்ல?" என்றாள். அவள் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மெருகைப் பார்க்காதீர்கள். அச்சு எவ்வளவு தாழ இறங்கும் என்று முதலில் கேளுங்கள். உங்கள் சுமையை நீங்களே கொண்டுபோங்கள். பகலில் போனால் சூரியனை வைத்துச் சோதிக்கலாம். கண்ணை மட்டும் குழாயில் வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். தாங்கியைத் தாங்குவது தரை. அந்தத் தரை யாருடையது என்பதை இத்தனை வருஷத்தில் நான் கேட்டுக்கொண்டதே இல்லை.

அண்ணன் மாலையில் "என்ன ஆச்சு?" என்றார். "இன்னும் தீர்மானிக்கவில்லை," என்றேன். அது உண்மையல்ல. சூரியன் கோட்டுக்குள் நின்றபோதே தீர்மானித்துவிட்டேன். தாங்கி அங்கேயே இருக்கும். பங்குனியில் நான் அங்கே குடிபோகிறேன், தனியாக. வீட்டில் யாருக்கும் தெரியாது. இந்தப் பத்திரிகையை அண்ணன் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிப்பவர். இது அச்சாகி வருவதற்குள் சொல்லிவிடவேண்டும்.